தி லோன்லி பாலிகாமிஸ்ட்: 4 மனைவிகள், 28 பிள்ளைகள், ஒரு தனியாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிராடி யூடால் எழுதிய 'தி லோன்லி பாலிகாமிஸ்ட்' 2010இல் வெளிவந்த ஆங்கில நாவல். 'தனித்துப்போன பலதாரக்காரன்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மார்மன் மதத்திலிருந்து பிரிந்துபோன ஒரு குழுவுக்குள் நடக்கும் கதை. நான் படித்த அவல நகைச்சுவை நாவல்களில் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். கையில் அகப்பட்டவர்களிடமெல்லாம் 'இதைப் படியுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிவைச் சொல்ல மாட்டேன், கவலை வேண்டாம்.

கதை என்ன?

ஏற்கெனவே 4 மனைவிகள் உள்ள ஒருவன் வேறொருத்தியோடு கள்ளத்தனமாகக் காதலில் விழுகிறான். யூடால் இதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுகிறார்.

கோல்டன் ரிச்சர்ட்ஸ் நடுவயதுக்காரன், கட்டட கான்ட்ராக்டர். ஆள் மலைபோல் உயரம். யாரிடமும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத சுபாவம். 1970களில் தென்மேற்கு யூட்டாவின் செம்மண் பாலைவனத்தில் 4 மனைவிகள், 28 பிள்ளைகளோடு வாழ்கிறான். தொழில் படுத்துவிட்டது. கிடைத்த ஒரே பெரிய வேலை பக்கத்து மாநிலமான நெவாடாவில், அதுவும் ஒரு விபச்சார விடுதியைக் கட்டும் வேலை. (நெவாடாவின் சில கிராமப்புற மாவட்டங்களில் 1971 முதல் உரிமம் பெற்றே இதை நடத்துகிறார்கள்.) பக்திமான்கள் நிறைந்த ஊரில் இதை வெளியில் சொல்ல முடியுமா? 'முதியோர் இல்லம் கட்டுகிறேன்' என்று வீட்டிலும் சபையிலும் சொல்லி வைத்திருக்கிறான். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் பல பொய்கள். வேலை நடக்கும் இடத்தில் உய்லா என்ற குவாத்தமாலா நாட்டுப் பெண்ணைச் சந்திக்கிறான். அவள் அவனுடைய முதலாளியின் மனைவி. முதலாளி லேசுப்பட்ட ஆளும் இல்லை.

இவ்வளவும் கதையின் மேல்தோல்தான். உள்ளே ஒரு குழந்தையின் சாவு இருக்கிறது.

இத்தனை பேர் சூழ இருப்பவனுக்கு எப்படித் தனிமை வரும்?

இதை எல்லோரும் கேட்கிறார்கள். நாவலும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்கிறது.

கோல்டனின் குடும்பம் 3 வீடுகளில் பரவிக் கிடக்கிறது. முதல் மனைவி பெவர்லி இருப்பது 'பழைய வீடு'. நோலாவும் ரோஸ் ஆஃப் ஷாரனும் உடன்பிறந்த அக்கா தங்கை. அவர்கள் இருவரும் தங்கள் பிள்ளைகளோடு 'பெரிய வீட்டில்' இருக்கிறார்கள். கடைசியாக வந்த டிரிஷ் தன் மகளோடு ஒரு சின்ன வீட்டில். எந்த இரவு எந்த வீடு என்பதை மனைவிமார் கூடிப் பேசி அட்டவணை போட்டுத் தருகிறார்கள். பல நாள் கழித்து வீட்டுக்கு வருகிறான் கோல்டன். வந்தவனுக்கு முட்டிக்கொண்டு சிறுநீர் வருகிறது, வீட்டில் ஒரு கழிவறையும் காலியாக இல்லை. பிள்ளைகள் அவனைச் சுற்றி வட்டமடித்து ஓடுகிறார்கள். எந்தப் பிள்ளை எது, யாருக்கு என்ன பிரச்சினை, யார் எந்த மனைவியின் பக்கம் என்பதெல்லாம் அவன் தலைக்குள் நிற்பதில்லை. எல்லோருக்கும் அவனிடம் ஏதோ வேண்டும். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாலாவதாக ஒரு வீடும் இருக்கிறது. குளோரி என்ற மகளுக்காகக் கோல்டன் தன் கையால் கட்டிய சின்ன விளையாட்டு வீடு. குளோரி உடல் ஊனத்தோடு பிறந்தவள். மற்ற 28 பேரிடமும் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் தவித்தவனுக்கு அவளிடம் மட்டும் அது தெரிந்திருந்தது. அவளைத் தூக்கிச் சுமப்பது, அவளோடு பேசுவது, சும்மா பக்கத்தில் இருப்பது. ஒரு நாள் அவன் பொறுப்பில் இருக்கும்போதே ஆற்றில் மூழ்கி அவள் இறந்துபோகிறாள். மற்றவர்கள் எப்படியோ எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள். இவன் இன்னும் அந்தக் கரையிலேயே நிற்கிறான். யாருக்கும் தெரியாமல் அந்தப் பொம்மை வீட்டுக்குள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுத்துக்கிடக்கிறான். மலைபோன்ற ஒருவன் குழந்தைகளுக்கான வீட்டுக்குள் மடங்கிக் கிடப்பதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். எதற்காகப் படுத்திருக்கிறான் என்று உறைத்ததும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர் இந்த இடம்.

மார்மன்கள் என்பவர்கள் யார்? இன்றும் பல பெண்களை மணக்கிறார்களா?

இன்றைய மார்மன் சபை பலதார மணத்தை அனுமதிப்பதில்லை. செய்தால் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். நாவலைப் படிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. கோல்டனின் குடும்பம் சபையைச் சேர்ந்ததல்ல. சபை கைவிட்ட பழைய வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பிரிந்துபோன அடிப்படைவாதக் குழுக்களில் ஒன்றைச் சேர்ந்தது.

கொஞ்சம் வரலாறு. ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. முழுப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. அவர் வெளியிட்ட வேதநூலான மார்மன் புஸ்தகத்தால் வெளியாட்கள் 'மார்மன்கள்' என்றார்கள். போகும் இடமெல்லாம் அக்கம்பக்கத்தாரோடு மோதல். 1844இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறைக்குள் கும்பல் புகுந்து ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. பிரிகம் யங் மிச்சமிருந்தவர்களை வழிநடத்தி 1847 ஜூலையில் யூட்டாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

பலதார மணம் ஸ்மித்தின் காலத்திலேயே ரகசியமாகத் தொடங்கிவிட்டது. 1852இல் சபை அதை வெளிப்படையாக அறிவித்தது. இத்தனைக்கும் மார்மன் புஸ்தகத்திலேயே ஒருவனுக்கு ஒரு மனைவிதான் என்று கண்டிப்பாகச் சொல்லும் பகுதி உண்டு. பிறகு வந்த தெய்வ வெளிப்பாடு வேறு வழி காட்டியது என்பது அவர்கள் விளக்கம். அமெரிக்க அரசு சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டது. பிரிகம் யங்கின் செயலாளர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1879இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்தத் தீர்ப்பில் நம் நாட்டின் நிழலும் விழுகிறது. கணவனின் சிதையில் உயிரோடு எரிவதுதான் தன் மதக் கடமை என்று ஒரு மனைவி நம்பினால், அரசு அதைத் தடுக்கக் கூடாதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். நம்பிக்கை வேறு, நடத்தை வேறு என்று நிறுவ உடன்கட்டை உதாரணமாகிப்போனது.

1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடச் சொல்லி அறிக்கை விட்டார். 1896இல் யூட்டா தனி மாநிலமானது. சபை 1904இல் இன்னும் கடுமையாக இறங்கியது. இதை ஏற்காதவர்கள் மெல்லப் பிரிந்து, யூட்டா அரிசோனா எல்லையில் ஒதுக்குப்புறமான ஊர்களில் போய் ஒண்டிக்கொண்டார்கள். அதில் ஷார்ட் கிரீக் என்ற ஊரை 1953 ஜூலை 26 அன்று அரிசோனா காவல்துறை சுற்றி வளைத்தது. 263 பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அழும் பிள்ளைகளின் படங்களைப் பார்த்த நாடு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. உத்தரவு போட்ட ஆளுநர் ஹோவர்ட் பைல் அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். இந்தக் குழுக்களில் வெளியாள் யாரைக் கண்டாலும் ஏன் ஒரு மிரட்சி வருகிறது என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கோல்டனின் கதை இதற்குக் கால் நூற்றாண்டு கழித்து நடக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, யூட்டா 2020இல்தான் வயது வந்தவர்கள் மனமொத்துச் செய்யும் பலதார வாழ்க்கையைப் பெருங்குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துச் சிறு மீறலாக மாற்றியது.

அவர்கள் நம்பிக்கையைக் கேலி செய்யும் நாவலா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். பலதாரக் குடும்பம் என்றதும் எழுதுகிறவர்களுக்கு எதிரே இரண்டு சுலபமான வழிகள் தெரியும். ஒன்று, அந்தப்புரக் கிளுகிளுப்பு. இன்னொன்று, கொடுமைக்கார மதத்தலைவனும் தப்பி ஓடும் பெண்ணும். இரண்டுக்கும் நிஜத்தில் இடமுண்டு. அந்தக் குழுக்களில் நடந்த கொடுமைகள் நீதிமன்றம் வரை வந்திருக்கின்றன, அவற்றை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யூடால் எடுத்துக்கொண்டது வேறொன்று. யாரும் யாரையும் கட்டிப்போடாத, எல்லோரும் நல்லவர்களாக இருக்க முயலும் ஒரு குடும்பம். அப்படிப்பட்ட வீட்டிலும் அன்பைப் பங்கு போடும்போது யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறார்.

அவருடைய ஆட்கள் கடவுளை நிஜமாகவே நம்புகிறார்கள். குடும்பம் என்பது சாவோடு முடிவதில்லை, சடங்கு செய்து முத்திரையிடப்பட்ட உறவு மறுமையிலும் தொடரும் என்பது மார்மன் நம்பிக்கையின் அடித்தளம். 8 வயதுக்கு முன் இறக்கும் குழந்தைகளுக்குப் பாவம் கிடையாது, நேரே மிக உயர்ந்த சொர்க்கத்துக்குப் போவார்கள் என்றும் சொல்வார்கள். எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் குளோரி பத்திரமாக இருக்கிறாள், ஒருநாள் அவளைப் பார்ப்பாய் என்று ஊரே சொன்னாலும், இன்றைக்குத் தூக்கிச் சுமக்க அவள் இல்லையே என்ற வெறுமையை அந்த ஆறுதலால் நிரப்ப முடியவில்லை. நம்பிக்கையைத் தூக்கி எறியவும் கோல்டனால் முடியவில்லை, அதில் சாய்ந்துகொள்ளவும் முடியவில்லை. இதைக் கேலி என்று எப்படிச் சொல்வது?

சிரிப்பு எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் வீட்டு நிர்வாகத்தில். 4 பேரைக் கட்டியவன் சுகவாசி என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாவலைத் திறந்தால் கறிக்கூட்டின் அளவு, துவைக்க வேண்டிய துணி மலை, பிள்ளைகளின் கோள், எந்த வீட்டுச் சோபா எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பஞ்சாயத்து. கோல்டன் அந்த வீடுகளின் அரசன் என்று பெயர். கூட்டத்தில் அவன் வாய் திறப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிடும்.

அப்புறம், பொய் வளர்வதில் இருக்கும் சிரிப்பு. முதியோர் இல்லத்தைப் பற்றி ஊரில் அக்கறையாக விசாரிக்கிறார்கள். தாத்தா பாட்டிகளுக்கு அவன் செய்யும் தொண்டைப் பாராட்டுகிறார்கள். அவன் நெளிகிறான். பக்கத்து நிலத்தில் ஒரு நெருப்புக்கோழி வேறு இருக்கிறது. அதற்கு ரேமண்ட் என்று பெயர்.

அவல நகைச்சுவை என்பது சோகமான விஷயத்தைப் பற்றி ஜோக் அடிப்பதல்ல. ஒரே காட்சி ஒரே நேரத்தில் சிரிக்கவும் வலிக்கவும் செய்யும்படி எழுத வேண்டும், இரண்டில் ஒன்றை எடுத்தால் மற்றதும் விழுந்துவிட வேண்டும். சாவு வீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, போனவரைப் பற்றிய பழைய கதையைச் சொல்லிச் சிரித்து, சிரித்த வேகத்திலேயே அழுதவர்களுக்கு இது புரியும்.

பெண்களுக்கு நாவலில் குரல் இருக்கிறதா, அல்லது எல்லாமே அவன் பார்வையா?

இருக்கிறது. கதை முக்கியமாக 3 பேரைப் பின்தொடர்கிறது: கோல்டன், நாலாவது மனைவி டிரிஷ், 11 வயது மகன் ரஸ்டி. எனக்கு டிரிஷ் பகுதிகள் மிகவும் பிடிக்கும். உடைந்துபோன ஒரு திருமணத்துக்குப் பிறகு, மகள் ஃபேயைக் கூட்டிக்கொண்டு இந்தக் குடும்பத்துக்குள் வந்தவள். இங்கே அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஏங்குகிறாள். அட்டவணைப்படி அவள் வீட்டுக்கு வர வேண்டிய கணவனோ களைத்து வந்து தூங்கிப்போகிறான், அல்லது வருவதே இல்லை. குளோரியை இழந்த அவனும் குழந்தையை இழந்த அவளும் ஒரே கட்டிலில் முதுகு காட்டிப் படுத்திருக்கிறார்கள். பேசிக்கொண்டால் போதும். பேசத்தான் தெரியவில்லை.

பெவர்லி வீட்டின் சட்டம் ஒழுங்கு. முதல் மனைவி, முதலில் வந்தவள் என்ற அதிகாரம். அவளைக் கண்டிப்புக்காரி என்று முதலில் வெறுப்பீர்கள். பக்கங்கள் போகப் போக, அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு போயிருக்காது என்று புரியும். நோலா உரத்த சிரிப்புக்காரி. அவள் தங்கையின் பெயர் விவிலியத்தின் உன்னதப்பாட்டிலிருந்து வருவது. தமிழ் வேதாகமத்தில் 'சாரோனின் ரோஜா' என்று படித்திருப்பீர்கள். பெயருக்கேற்ற மென்மை, சீக்கிரம் வாடும் மனது.

நம் மொழியில் 'சக்களத்தி' என்ற சொல்லே சண்டையோடு வருகிறது. இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் 'சகோதரி மனைவி' என்கிறார்கள். பொறாமை இல்லாமல் இல்லை. ஆனால் பிரசவத்துக்கு ஓடி வருவதும், காய்ச்சலில் மற்றவள் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைப்பதும் இவர்களேதான். ஒரு பிள்ளைக்குத் தன் தாய் 'அம்மா', தகப்பனின் மற்ற மனைவிகள் 'ஆன்ட்'. 'சின்னம்மா, பெரியம்மா' என்று மனத்துக்குள் மாற்றிப் படித்துக்கொண்டேன். உறவுகளின் நிறம் உடனே தெளிந்துவிட்டது.

எனக்கு ஒரு குறை உண்டு. உய்லாவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். அவளை நாம் பெரும்பாலும் கோல்டனின் ஏக்கத்தின் வழியாகத்தான் பார்க்கிறோம்.

ரஸ்டியைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

படித்தவர்களுக்குத் தூக்கம் கெடுவது அவனால்தான். ரோஸ் ஆஃப் ஷாரனின் மகன், குடும்பத்தின் 'பயங்கரவாதி' என்று பெயர் வாங்கியவன். 28 பேரில் ஒருவனாக இருப்பதன் வலி முழுவதும் அவனிடம் இருக்கிறது. தன் பிறந்தநாளையாவது தனக்காக மட்டும் யாராவது கொண்டாட வேண்டும் என்று நினைக்கிறான். நடப்பது வேறு. குறும்பு செய்தால் மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதனால் குறும்பு செய்கிறான். அப்பாவைத் தனக்கென்று 5 நிமிடம் கேட்டுத் தவிக்கும் அந்தச் சிறுவனைப் பார்க்கும்போது, பலதார மணம் சரியா தவறா என்ற வாதமெல்லாம் எனக்குச் சின்னதாகிப்போனது. அவன் கதை எங்கே போகிறது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் கதைக்குள் அணுகுண்டு ஏன் வருகிறது?

கதை நடக்கும் மண்ணில் அது நிஜமாகவே வந்தது. நாவலில் பலரும் வேகமாகத் தாண்டிப்போகும் பகுதி இதுதான். எனக்கு இது தாண்டக் கூடாத இடம்.

1951 ஜனவரியிலிருந்து நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1962 வரை நிலத்துக்கு மேலே மட்டும் சுமார் 100 வெடிப்புகள். காற்று லாஸ் வேகாஸ், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் அடிக்கும்போது வெடிக்க மாட்டார்கள். கிழக்கே, யூட்டா பக்கம் அடிக்கும்போது வெடிப்பார்கள். அங்கே ஆள் குறைவு என்பது கணக்கு. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் மார்மன் விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும். அரசை நம்புகிறவர்கள், நாட்டுப்பற்றில் குறை வைக்காதவர்கள். வெடிப்பைப் பார்க்கக் குடும்பத்தோடு மேட்டில் ஏறி நின்றவர்களும் உண்டு.

1953 மே 19 அன்று வெடித்த குண்டுக்கு 'ஹாரி' என்று பெயர், 32 கிலோ டன். காற்று திசை மாறி, அதன் சாம்பல் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் ஊர்மீது இறங்கியது. மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள், ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். அந்த வசந்தத்தில் ஆயிரக்கணக்கில் ஆடுகள் செத்தன. மேய்ப்பர்கள் தொடுத்த வழக்கு 1956இல் தோற்றது. 1982இல் அதே நீதிபதி, அரசுத் தரப்பு அன்று நீதிமன்றத்தையே ஏமாற்றிவிட்டது என்று சொன்னார். ஆனால் மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. புற்றுநோயில் சாகத் தொடங்கிய மக்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1990இல்தான் வந்தது. காற்று வீசும் திசையில் வாழ்ந்தவர் ஒருவருக்கு அப்போது 50,000 டாலர் என்று வைத்தார்கள். இப்படிப்பட்டவர்களை அங்கே 'டவுன்விண்டர்' என்கிறார்கள். காற்றடிப் பக்கத்துக்காரர்கள்.

நாவலில் வெடிக்கும் குண்டுக்கு 'ராய்' என்று பெயர். பெயர் வேறு, கதை ஹாரியின் கதை. கோல்டனும் பெவர்லியும் இளமையில் அதன் சாம்பலுக்கு அடியில் அகப்பட்டவர்கள். கோல்டனின் தகப்பன் யுரேனியம் தோண்டிப் பணக்காரன் ஆனவன், மூளையில் கட்டி வந்து செத்தவன். குளோரி ஏன் அப்படிப் பிறந்தாள்? பெவர்லியின் உடம்பு ஏன் நலிகிறது? நாவல் விரல் நீட்டிச் சொல்வதில்லை. சாம்பலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. குழந்தையின் ஊனத்தையும் சாவையும் தன் பாவத்தின் சம்பளமாக எடுத்துக்கொண்டு ஒருவன் இரவெல்லாம் தன்னையே தின்றுகொண்டிருக்கிறான். காரணம் வானத்திலிருந்து விழுந்திருக்கலாம், அதற்கு உத்தரவு போட்டவர்கள் வேறு ஊரில் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இதைவிடக் கறுப்பான நகைச்சுவை நாவலில் இல்லை. இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுதியவர் மார்மனா?

மார்மன் குடும்பத்தில் பிறந்தவர். 1971இல், அரிசோனாவின் செயின்ட் ஜான்ஸ் என்ற மார்மன் ஊரில். அந்த ஊரின் முன்னோடிகளில் ஒருவரான டேவிட் கிங் யூடாலின் வழிவந்தவர். டேவிட் கிங் யூடால் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள் உள்ளவராக இருந்தார். ஆக, இது வேடிக்கை பார்க்க வந்தவரின் கதையல்ல, கொள்ளுத்தாத்தாக்கள் வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பவரின் கதை. கென்னடி காலத்தில் உள்துறை (அங்கே அது நிலம், இயற்கை வளங்களைக் கவனிக்கும் துறை) அமைச்சராக இருந்த ஸ்டூவர்ட் யூடாலும் இதே குடும்பம். பதவியை விட்ட பிறகு அவர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக வழக்காடினார். அணுகுண்டு அத்தியாயங்களில் ஏன் அவ்வளவு சூடு என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் புரிந்தது.

இதற்கு முன் ஒரு சிறுகதைத் தொகுப்பும், 'தி மிராக்கிள் லைஃப் ஆஃப் எட்கர் மின்ட்' என்ற நாவலும் (2001) எழுதியிருக்கிறார். 1998இல் எஸ்குயர் பத்திரிகைக்காக இன்றைய பலதாரக் குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாவலின் வித்து அங்கே இருக்கிறது.

படிக்கும்போது புரியாத சொற்கள் வருமா?

வரும், ஆனால் கொஞ்சம்தான். 'வார்டு' என்றால் மருத்துவமனை வார்டு அல்ல, ஒரு வட்டாரத்துச் சபை. 'பிஷப்' அங்கே சம்பளம் வாங்கும் பாதிரியார் அல்ல, பக்கத்து வீட்டு வியாபாரியோ ஆசிரியரோ சில வருஷம் அந்தப் பொறுப்பைச் சுமப்பார். 'தி பிரின்சிபிள்', அதாவது 'அந்தக் கொள்கை' என்று இவர்கள் மரியாதையாகச் சொல்வது பலதார மணத்தைத்தான். காபி, டீ, மது, புகையிலை கூடாது என்ற விதி 1833லேயே வந்தது. அதனால்தான் ஒருவன் காபி குடித்தான் என்று ஒரு வரி வந்தாலே அங்கே அது ஒரு சம்பவம்.

பாலியல் காட்சிகள் அதிகமா?

இல்லை. விபச்சார விடுதி வருகிறது, கொச்சைப் பேச்சும் வருகிறது. வளர்ந்தவர்களுக்கான நாவல்தான். கிளுகிளுப்பை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

பெரிய புத்தகமாமே?

சுமார் 600 பக்கம். முதல் 100 பக்கம் கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் திணறுவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். கோல்டன் உணரும் மூச்சுமுட்டலை நமக்கும் தருவதற்காகவே அப்படி எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு 50 பக்கம் குறைத்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதே மாதிரி வேறு மார்மன் நாவல் உண்டா?

லீவை பீட்டர்சன் எழுதி 1986இல் வந்த 'தி பேக்ஸ்லைடர்'. 'பின்வாங்கிப்போனவன்' என்று வேதாகமத் தமிழில் சொல்லலாம். 1950களின் தெற்கு யூட்டாவில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் ஃபிராங்க் என்ற இளைஞன், துப்பாக்கியின் குறிநோக்கியில் கண்ணை வைத்துக் கடவுள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறான். லூத்தரன் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்ணை நேசிக்கிறான், குற்றவுணர்வில் தன்னைத்தானே வதைத்துக்கொள்கிறான். கடைசியில் அவனுக்குத் தரிசனம் தரும் இயேசு ஒரு கௌபாய். மார்மன் வாசகர்களிடையே இதற்கு ஒரு தனி இடம் உண்டு. யூடாலைவிடக் கரடுமுரடானது, சில காட்சிகள் கடுமையானவை. இரண்டையும் படிப்பவர்களுக்கு யூடாலை முதலில் படிக்கச் சொல்வேன்.

28 பெயர்களை எப்படி நினைவில் வைப்பது?

கோல்டனுக்கே அது சிரமம். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் சந்தத்தோடு சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். நீஃபை, ஹீலமன் போன்ற பெயர்கள் மார்மன் புஸ்தகத்திலிருந்து வந்தவை. பார்லி என்பது தொடக்க கால அப்போஸ்தலர் பார்லி பிராட்டின் பெயர்.

முதல் தடவை படித்தபோது ஒரு தாளில் தாய்வாரியாகப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். 28 பேர் என்று கணக்கு சொல்கிறது. குளோரியை எங்கே எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பெவர்லியின் வரிசையில், உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கு நடுவிலேயே எழுதினேன்.